கொடைமடமும் குறிப்பறிதலும்

(தமிழாசிரியர், களுவாஞ்சிக்குடி)

மட்டக்களப்பு நாட்டிலே ஒருவர் நோய்ப்பட்டார் என்ற செய்தி பரவியதும் உற்றாரும் அயலாரும் வருத்தம் பார்க்கப் புறப்படுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். எழுவான்கரையார் படுவான்கரைக்கும், படுவான்கரையார் எழுவான்கரைக்கும், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தும், குருமண்வெளித் துறையிலே காத்திருந்து வாவியைக் கடந்தும், வேலைநாள் என்றும் பாராது செல்வர். வெறுங்கையோடு செல்வது முறையன்று என்பதும் நம்மவர் கொள்கை. ஆதலின் ஒருவர் கையிலே மாப்போத்தலும், மற்றொருவர் கையிலே விசுக்கோத்துப் பெட்டியும், வேறொருவர் கையிலே அப்பிளும் தோடம்பழமும், வயற்புறத்திலிருந்து வருபவர் கையிலே சட்டித் தயிரும் இருக்கக் காண்கின்றோம். காலம் எவ்வளவோ மாறியபோதிலும் இவ்வழக்கம் மாறவில்லை, மாறவுங் கூடாது.

ஆயினும், வழக்கம் மாறாதிருக்க நோய் மாறிவிட்டது. முன்னாளில் வருத்தம் என்றால் பெரும்பாலும் காய்ச்சல், வயிற்றோட்டம் போன்ற சில நாள் நோயையே குறித்தது. இளைத்த உடம்பைத் தேற்றுவதற்கு மாவும் பழமும் தக்க பொருள்களாயின. இன்று நம்மூர்களிலே வீதிக்கு ஒரு வீட்டிலேனும் புற்றுநோயின் பெயர் மெல்லிய குரலிற் பேசப்படுகின்றது. அதன் பெயரைச் சொல்ல அஞ்சி, 'அந்த வருத்தம்' என்று சுட்டினாற்போதும், கேட்பவர் விளங்கிக்கொள்வர். இந்நோய்க்குரிய சிகிச்சை மாதக்கணக்காக நீள்வது. உடம்பின் இயல்பையே மாற்றுவது. குடும்பத்தின் கையிருப்பைக் கரைப்பது. இதனை அறியாது பழைய பொருள்களையே கொண்டுசெல்வோமாயின் நம் அன்பு நோயாளிக்கு எட்டாமலே போகலாம். சிலபோது தீங்காகவும் முடியலாம். இப்பொருள்பற்றிப் பழைய மாணவரும், இன்று பயில்வோரும், ஆசிரிய நண்பரும் சிந்தித்தல் வேண்டும் என்பதே என் விருப்பம்.

தமிழ் இலக்கியத்திலே 'கொடைமடம்' என்றொரு சொல் உண்டு. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டிலே அதனைக் காணலாம். குளமென்றும் வயலென்றும் உவர்நிலமென்றும் வரைந்து பாராது பெய்யும் மழைபோல, இன்னார்க்கு இன்னது எனக் கருதாது கொடுத்தலே கொடைமடம். அது வள்ளல்களுக்குப் புகழாயிற்று. நிறைந்த செல்வமுடையான் வரையாது வழங்கும்போது குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. நோயாளியின் கட்டிலருகே அது பொருந்தாது. உவர்நிலத்திற் பெய்த மழை எத்துணைப் பயன்றரும் என்பதை வாவிக்கரையிலே வாழும் நமக்கு வேறெவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அங்கே வேண்டப்படுவது குறிப்பறிதல். வள்ளுவர் அப்பெயரால் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். ஒன்று அரசன் முன்னிலையில் நிற்கும் அமைச்சர்க்கு, மற்றொன்று காதலர்க்கு. சொல்லாததை முகத்திலும் கண்ணிலும் கண்டறியும் அவ்வறிவு, வேண்டியதைக் கேட்க நாணும் நோயாளியைக் காணச் செல்வார்க்கு இன்னும் மிகுதியாக வேண்டும்.

'அன்போடு கொடுப்பதிலே குற்றம் பார்க்கலாமா?' என்று சிலர் வினவுவர். குற்றம் பார்ப்பது நம் நோக்கமன்று. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலே சிகிச்சை பெற்ற அம்மையார் ஒருவருக்கு ஒரு மாதத்துள் பதினொரு மாப்போத்தல்கள் வந்து சேர்ந்தன. அவருக்கோ பாலின் மணமே குமட்டலைத் தந்தது. போத்தல்கள் அலுமாரியில் வரிசையாக நின்றன; பின்னர் அயல்வீட்டுக் குழந்தைகளிடம் சென்றன. அதே காலத்தில் அவ்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்வதற்குப் பேருந்துக் கட்டணம் தேடினர். பதினொரு பேரும் அன்பிலே குறைந்தவரல்லர். அவர்களுள் ஒருவரேனும், 'அக்கா, உங்களுக்கு இப்போது எது தேவை?' என்று கேட்டிருப்பின் நிலைமை வேறாயிருக்கும். அன்பு குறைவதனால் மட்டுமன்றி, அன்பு கேளாதிருப்பதனாலும் குறை நேர்கின்றது.

கொடுக்கும் பொருளைத் தேர்ந்துகொள்ள வேண்டுமாயின் சிகிச்சையின் இயல்பைச் சிறிதளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். 'கீமோ' என்று நம்மவர் வழங்கும் மருந்துச் சிகிச்சையானது, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்கி அழிப்பது. புற்றுநோயின் உயிரணுக்கள் அவ்வியல்பின. ஆயின், நம் உடம்பிலே இயற்கையாகவே விரைந்து பெருகும் உயிரணுக்களும் உள. அவை மயிர்க்கால்களிலும், வாயினதும் குடலினதும் உட்புறத் தோலிலும், குருதியை ஆக்கும் எலும்பு மச்சையிலும் இருப்பவை. மருந்து இவற்றையும் தாக்குகின்றது. அதனாலேயே தலைமுடி உதிர்கின்றது, வாய் புண்ணாகின்றது, குமட்டல் எழுகின்றது, கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதி அணுக்கள் குறைகின்றன. மருந்து ஏற்றிய பின்னர் ஏறத்தாழ 7 முதல் 14 நாள் வரையான காலத்திலே அவ்வணுக்கள் மிகக் குறைந்திருப்பது வழக்கம். பிறர்க்குத் தடிமனாகக் கழியும் தொற்று, அக்காலத்தில் நோயாளிக்கு உயிராபத்தாக முடியக்கூடும்.

இதனை உணர்ந்தவர் முதலிலே சில பொருள்களை விலக்குவர். மணமிக்க சவர்க்காரம், பவுடர், ஊதுவத்தி, மல்லிகைச் சரம் என்பன நல்ல பொருள்களே. எனினும் குமட்டலோடு போராடுபவர்க்கு மணமே பகை. பூங்கொத்தும் பூச்சாடி நீரும் கிருமிகளுக்கு இடங்கொடுக்கும் என்பதனாற் பல வைத்தியசாலைகள் அத்தகைய நோயாளரின் விடுதிகளிலே அவற்றை அனுமதிப்பதில்லை. கோயிலிலே அருச்சனை செய்து வருவோர் திருநீற்றைச் சிறு பொட்டலமாகக் கொண்டுவரலாம். பூவையும் தீர்த்தத்தையும் வீட்டார் ஏற்றுக்கொள்ளட்டும். காய்ச்சாத பாலும் அதனாலாய பொருள்களும், பச்சைத் தேனும், கழுவித் தோலுரிக்க இயலாத பழங்களும், கடையிலே வெட்டிவைத்த பழங்களும் வெண்குருதி அணுக்கள் குறைந்த நாள்களுக்கு உரியனவல்ல. படுவான்கரைத் தயிரின் சுவைக்கு ஈடில்லை என்பதை யானும் ஒப்புவேன். எனினும் வைத்தியரைக் கேட்ட பின்னரே அது அந்தக் கட்டிலை அணுகுதல் தகும். பொரித்த மீனின் மணம் வீட்டுக்குட் புகுந்தால் அன்றைய உணவே முடிந்துபோகும் என்று கூறும் நோயாளர் பலர்.

விலக்கற்குரியவற்றுள் மிக முக்கியமானது, யாரோ சொன்ன மருந்து. ஒருவர் கசாயப் போத்தலோடு வருவார். மற்றொருவர் இலைச்சாறு கொண்டுவருவார். வெளிநாட்டிலிருக்கும் மருமகன் சத்துமாத்திரைகளைப் பொதியிலே அனுப்புவார். நாட்டு வைத்தியத்தை இழித்துரைப்பது என் கருத்தன்று. ஆனால் ஒரு மருந்து இன்னொரு மருந்தின் வேலையைக் குறைக்கவும், அதன் நஞ்சைக் கூட்டவும், ஈரலையும் சிறுநீரகத்தையும் வருத்தவும் கூடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. சிகிச்சை தரும் வைத்தியர் அறியாத எந்த மருந்தையும் நோயாளியின் கையிற் கொடுத்தல் அன்பாகாது. கொடுத்துவிட்டு, 'டாக்டரிடம் சொல்லாதே' என்று கூறுவது அதனினும் கொடிது.

இன்னொரு பொருளைப்பற்றியும் சொல்லாது விடல் இயலாது. வந்தாரை வெற்றிலை வட்டா வைத்து வரவேற்பது நம் நாட்டுப் பண்பு. எனினும் இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாயைச் சார்ந்தது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே முடிவு கூறியுள்ளது. வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை பெறுபவரின் திண்ணையிலே இருந்துகொண்டு, வருத்தம் பார்க்க வந்தோர் வட்டாவைச் சுற்றி வெற்றிலை போடுங் காட்சி நம்மூர்களிலே அரிதன்று. அப்பழக்கத்தை விட முயல்பவர்க்கு நாம் தரக்கூடிய சிறந்த பரிசு, அவர் கண்முன்னே வெற்றிலையைத் தொடாதிருத்தலே. வட்டா துலங்கட்டும், அதில் ஏலக்காயோ கற்கண்டோ வைத்தால் வரவேற்பு எவ்வாற்றானுங் குறைந்துவிடாது.

இனி, கொடுக்கத்தக்கவை எவை என்று பார்ப்போம். அவை பெரும்பாலும் விலை குறைந்தவை. ஆராய்ந்து தெரிந்தெடுக்கப்பட வேண்டியவை. தலைமுடி உதிர்ந்தவர்க்கு மென்மையான பருத்தித் துணி பெரிதும் உதவும். மருதமுனைக் கைத்தறியிலே பலமுறை தோய்த்து மென்மையாக்கிய ஒரு துண்டு, பட்டணத்துப் பளபளப்புத் துணியினும் மேலானது. மார்பிலே சத்திரசிகிச்சை பெற்றவர்க்குத் தலைவழியே இழுத்து அணியும் சட்டை துன்பந்தரும். முன்புறம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டையே ஏற்றது. அவர்களுக்குக் காப்பு வாங்கிச் செல்வோர் சற்றே சிந்திக்கவேண்டும். கக்கத்திலுள்ள நிணநீர்க் கணுக்கள் நீக்கப்பட்டிருப்பின் அப்பக்கத்துக் கை வீங்கக்கூடும். இறுகிய காப்பு அக்கைக்கு ஆகாது. கதிர்ச்சிகிச்சை பெறுபவரின் தோல் வெயிலிற் காய்ந்ததுபோலச் சிவந்திருக்கும்; அவர்க்கும் தளர்ந்த பருத்தியாடையே தக்கது.

வாயிலே உலோகச் சுவை தோன்றுகின்றது என்று முறையிடுவோர்க்கு மரக்கரண்டியோ சிரட்டைக் கரண்டியோ கொடுத்துப் பாருங்கள். உணவு சிறிது இறங்கும். வாய்ப்புண் உடையவர்க்கு உறைப்பும் புளிப்பும் இல்லாத, நன்றாகக் குழைந்த கஞ்சியைச் சிறு பாத்திரத்திலே கொண்டுசெல்லலாம். பெரிய பாத்திரத்தைக் கண்டாலே மனம் சோரும். சிறிதாகப் பலமுறை உண்பதே அவர்க்கு எளிது. மிக முக்கியமாக, ஒரு வெப்பமானி. சிகிச்சைக் காலத்திலே காய்ச்சல் 38 பாகை செல்சியசை எட்டினால் விடியும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இதனை அறியாமற் பனடோல் கொடுத்துப் படுக்கவைக்கும் வீடுகள் உள. வெப்பமானியைக் கொடுப்பவர், 'நள்ளிரவானாலும் என்னை அழையுங்கள். என் முச்சக்கர வண்டி வரும்' என்ற சொல்லையுஞ் சேர்த்துக் கொடுப்பாராயின் அதனிலும் உயர்ந்த பரிசு வேறில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் பேனை ஒன்றும் கொடுப்பதும் நன்று. மருந்தேற்றிய நாள், உண்ட மாத்திரை, எழுந்த துன்பம், வைத்தியரிடம் கேட்கவேண்டிய வினா என்பவற்றை எழுதிவைத்தால், கிளினிக்கிலே கிடைக்கும் சில நிமிடங்கள் வீணாகா.

இதுகாறும் நோயாளியைப்பற்றியே பேசினோம். திருக்குறளின் 95 ஆம் அதிகாரமாகிய மருந்திலே, வள்ளுவர் இறுதியாகக் கூறுவதை இங்கே நினைத்தல் தகும். மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிசெய்பவன் என்னும் நான்கும் சேர்ந்ததே என்பது அவர் துணிபு. அந்நான்காமவனை 'உழைச்செல்வான்' என்பார். பரிமேலழகர் அந்நான்கிற்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்துரைக்குமிடத்து, நோயாளிக்குரியவற்றுள் மருந்தினால் வருந் துன்பத்தைப் பொறுத்தலையும் ஒன்றாக வைத்தார். உழைச்செல்வானுக்கு நோயாளியிடத்து அன்பும், மனமொழி மெய்களின் தூய்மையும், சொன்னவாறே செய்யும் வன்மையும், அறிவும் வேண்டுமென்றார். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் மாறினும் இப்பகுப்பு இன்றும் மாறவில்லை.

வருத்தம் பார்க்கச் செல்லும் நாமோ மூவரை மட்டுமே நினைக்கின்றோம். உழைச்செல்வானை மறந்துவிடுகின்றோம். கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவி சாப்பிட்டாளா என்று கேட்பாரில்லை. வந்தவர்க்கெல்லாம் தேநீர் ஊற்றியே அவள் களைத்துப்போகிறாள். வருத்தம் பார்க்க வருவோர் தேநீரைத் தவிர்த்தலே அவளுக்கொரு பரிசு. ஒருநாள் மாலை, 'நான் இருக்கிறேன், நீங்கள் போய்ச் சற்று உறங்குங்கள்' என்று சொல்லும் மச்சாளும், கிழமைக்கு இருமுறை வளவைக் கூட்டி நீர் நிரப்பிச் செல்லும் அயல்வீட்டுப் பெண்ணும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச்செல்லும் சித்தப்பாவும், வயலுக்கு நீர் பாய்ச்சிக் கொடுக்கும் பங்காளியும் மாப்போத்தல் கொண்டுவராத கொடையாளிகள். 'ஏதும் தேவையென்றாற் சொல்லுங்கள்' என்று பொதுவாகச் சொல்லிச் செல்வதனால் ஒன்றும் ஆவதில்லை, எவரும் சொல்லமாட்டார். 'வியாழக்கிழமை மதியச் சோறு எங்கள் வீட்டிலிருந்து வரும்' என்று நாளும் பொருளும் குறித்துச் சொல்வதே உதவி.

நம் பகுதியிலிருந்து சிகிச்சைக்குச் செல்வோரின் வழிப்பயணத்தையும் எண்ணுதல் வேண்டும். களுவாஞ்சிக்குடியிலே ஆதார வைத்தியசாலை உண்டு. ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வடக்கே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலே புற்றுநோய்ப் பிரிவும் உண்டு. இருந்தும், சில பரிசோதனைகளுக்காகவும் சில சிகிச்சைகளுக்காகவும் கொழும்பை அடுத்த மகரகமையிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்ல நேர்வோர் பலர். அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்பது இந்நாட்டின் பெரும்பேறு. ஆயினும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பயணம் இலவசமன்று. துணைக்குச் செல்பவரின் தங்குமிடமும் உணவும் இலவசமன்று. இழந்த நாட்கூலியை எவருந் திருப்பித் தருவதில்லை. கதிர்ச்சிகிச்சை ஒருமுறைக்குச் சில நிமிடங்களே எடுக்கும். ஆனால் கிழமைக்கு ஐந்து நாளாகச் சிலர்க்கு ஐந்தாறு கிழமைகள் தொடர்ந்து நடைபெறும். அந்த ஐந்தாறு கிழமையும் எங்கே தங்குவது என்பதே பலருக்கு நோயினும் பெரிய கவலையாகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே எரிபொருளும் மருந்தும் அரிதானபோது இக்கவலை எத்தகையது என்பதை நாடே கண்டது. அப்பிள் வாங்கும் பணத்தை உறையிலிட்டுப் 'பிரயாணச் செலவுக்கு' என்று எழுதிக் கொடுப்போமாயின் அது கொள்பவரின் மானத்தையுங் காக்கும், காரியத்தையும் ஆற்றும்.

பணத்தைக் கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. அதியமான் தனக்குக் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்தபோது அதன் பெருமையைச் சொல்லாது தன் உள்ளத்துள்ளே அடக்கிக்கொண்டான் என்பது புறநானூற்றிலே அவ்வை வாயிலாக அறியப்படும் செய்தி. வாழ்நாளை நீட்டும் பரிசு அது. எனினும் விளம்பரமின்றிக் கொடுக்கப்பட்டது. இன்றோ நோயாளியின் படுக்கையருகே நின்று உறையை நீட்டிப் படமெடுத்து, அன்று மாலையே கைப்பேசியிலே ஊரெங்கும் பரப்பும் வழக்கம் புகுந்துவிட்டது. முடி உதிர்ந்து மெலிந்த தன் உருவத்தை உலகம் காணவேண்டும் என்று அந்நோயாளி கேட்டாரா? கொடுத்தவர் பெயர் விளங்கும். கொண்டவர் தலை குனியும். சங்கங்களும் மன்றங்களும் கணக்குக் காட்டவேண்டுமாயின் பற்றுச்சீட்டு உண்டு, படம் வேண்டியதில்லை.

கடையிலே வாங்கவியலாத பரிசு ஒன்றுண்டு. அது குருதி. மருந்துச் சிகிச்சையினால் எலும்பு மச்சை தளர்ந்தவர்க்குச் செங்குருதியும், குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகளும் ஏற்றவேண்டி நேரும். சிறுதட்டுகளை ஐந்து நாளளவே பேணிவைத்தல் இயலும். ஆதலின் ஆண்டுக்கொருமுறை பெருங்கூட்டமாகக் கொடுத்தலோடு அமையாது, இடைவிடாது கொடுப்போர் வேண்டும். இந்நாட்டிலே ஒருவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை குருதிக்கொடை செய்யலாம். பழைய மாணவருள் உடல்நலமுடையோர் நூறு பேர் முறைவைத்துக் கொடுப்பாராயின் ஆண்டில் எந்த மாதமும் வெறுமையாகக் கழியாது. பெற்றவர் யாரென்று கொடுத்தவர் அறியார். கொடுத்தவர் யாரென்று பெற்றவர் அறியார். அதியமானின் அடக்கம் இக்கொடையிலே தானாகவே அமைந்துவிடுகின்றது.

பொருளும் பணமும் உழைப்பும் குருதியும் கூறினோம். சொல்லையும் கூறல் வேண்டும். நோயாளியின் முன்னே, 'இப்படித்தான் என் மாமாவுக்கும் வந்தது, ஆறு மாதந்தான்' என்று கதைப்போர் உளர். 'முற்பிறப்பின் வினை' என்று தேற்றுவதாக எண்ணித் தாக்குவோரும் உளர். 'நீ தைரியமாக இருக்கவேண்டும்' என்று ஆணையிடுவோர், அழவேண்டிய ஒருவரை அழவிடாது தடுக்கின்றார்கள். இவையெல்லாவற்றினும் அருகே அமைதியாக அமர்ந்திருத்தல் மேல். நெல் விலை என்ன, கூத்து எங்கே ஆடுகிறார்கள், பேரன் எந்த வகுப்பு என்று நாளாந்தக் கதை பேசினால், அரைமணி நேரமேனும் அவர் நோயாளி என்பதை மறந்து மனிதராக இருப்பார். களைப்புத் தெரிந்தவுடன் எழுந்து வருவதும் ஒரு நற்கொடையே. தடிமனோ இருமலோ உடையவர் வாராதிருப்பதும், வந்தவர் கைகழுவி உட்செல்வதும் அவ்வாறே.

காலத்தையுங் குறித்தல் வேண்டும். நோய் தெரிந்த முதற் கிழமையிலே வாசல் நிறையச் செருப்புகள் கிடக்கும். மூன்றாம் மாதத்திலே, மருந்து உடம்பை வாட்டும் வேளையிலே, ஒருவரையுங் காணோம். சிகிச்சை முடிந்ததும், 'இனிச் சுகந்தானே' என்று எல்லோரும் விலகிக்கொள்வர். மறுபரிசோதனை ஒவ்வொன்றுக்கும் முந்திய இரவிலே அவர் உறங்காதிருப்பது எவர்க்குந் தெரிவதில்லை. முதற் கிழமையிலே பத்துப் பேர் செல்வதினும், பத்துத் திங்களும் திங்களுக்கு ஒருவராகச் செல்வது நன்று.

தனியொருவர் கொடை இத்தகையது. பலர் சேர்ந்து குறிப்பறிந்து கொடுத்தால் எத்துணை பெரிதாகும் என்பதற்கும் இந்நாட்டிலே சான்றுண்டு. 2011 ஆம் ஆண்டிலே தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை 27 நாள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர், மக்கள் நடந்து நிதி திரட்டினார்கள். அதன் பயனாகத் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013 இல் திறக்கப்பட்டது. வடக்கிலுள்ள நோயாளியின் தேவை, மகரகமைவரை செல்லாது அண்மையிலே சிகிச்சை பெறுதல் என்பதை அவர்கள் அறிந்தார்கள், அதனையே கொடுத்தார்கள். 2016 இல் நடந்த மற்றொரு நடையின் நோக்கம் காலி கராப்பிட்டியிலே அத்தகைய வைத்தியசாலை அமைப்பது. அதே காலத்தில் மகரகமை வைத்தியசாலைக்கு நோயின் பரவலைக் காட்டும் 'பெற்' வருடிப்பொறி வாங்குதற்கென இன மத பேதமின்றி மக்கள் பணம் வழங்கினர். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்னும் பிரிவை நோய் பாராதது போலவே அக்கொடையும் பார்க்கவில்லை.

நாம் என்ன செய்யலாம்? இவ்விழா மலரை விரித்து வாசிக்கும் அன்பர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் பழைய மாணவர்க்கு. நம்மூரிலிருந்து மகரகமைக்கு வருபவர்களுட் பலர்க்குச் சிங்களம் தெரியாது. வைத்தியர் சொன்னது பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் மருந்துச்சீட்டோடு மரநிழலிலே நிற்கும் கிழவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கிளினிக் நாளிலே இரண்டு மணி நேரம் உடன் நின்று மொழிபெயர்த்து, வரிசை எது, பரிசோதனைக் கூடம் எது என்று காட்டிக் கொடுப்பவர் மகரகமையிலே ஓர் உழைச்செல்வான் ஆவார். மொழியைக் கற்பித்த கல்லூரிக்கு அதனினும் நல்ல குருதட்சணை இல்லை. ஓர் அறையையேனும் தங்குதற்கு ஒழுங்குசெய்ய முடிந்தாற் பெரும் புண்ணியம்.

இரண்டாவது, கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கு. பொதிகளை அனுப்பாதீர்கள். சங்கத்தின் வழியாகப் பிரயாண நிதி ஒன்றை நிறுவுங்கள். மட்டக்களப்பிலிருந்து மகரகமைக்குச் சென்றுவரும் ஒருமுறைச் செலவு உங்களுக்கு ஒருநாள் மதிய உணவின் விலையளவே ஆகலாம். இங்கோ அது ஒருவர் சிகிச்சையைத் தொடர்வதா, இடையிலே விட்டுவிடுவதா என்பதைத் தீர்மானிக்கின்றது.

மூன்றாவது, நம் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும். வகுப்பிலே ஒரு பிள்ளை சிகிச்சைக்காக மாதக்கணக்கில் வாராதிருப்பின், அல்லது தாய்தந்தையர் நோயுற்றதனால் ஒரு பிள்ளை பின்தங்கியிருப்பின், பாடக்குறிப்புகளை எழுதி முறைவைத்து வீட்டிற் சேர்ப்பது வகுப்பின் கடமை. 'எங்கள் வகுப்பிலே உன் இருக்கை இருக்கின்றது' என்று அறிவிக்கும் அக்கொப்பியை எந்தக் கடையிலும் வாங்கவியலாது. மொட்டைத் தலையோடு அப்பிள்ளை மீண்டு வரும் நாளிலே ஒருவரும் நகையாதிருக்கச் செய்வது ஆசிரியர் பொறுப்பு. பரீட்சையிலே குறிப்பறிதல் அதிகாரத்துக்குப் பொருள் எழுதிப் புள்ளி பெறுதல் எளிது. அப்பிள்ளையின் முகக் குறிப்பை அறிந்து நடக்கும் மாணவனே அவ்வதிகாரத்தைக் கற்றவனாவான்.

விழாக்கள் வரும், போகும். கல்லூரியின் புகழை அதன் கட்டடங்களையும் வெற்றிக்கேடயங்களையும் கொண்டு கணிப்பது இயல்பே. எனினும் ஒரு கல்லூரி எத்தகைய மக்களை ஆக்கியது என்பதற்கு நோயுற்றவன் வீட்டு வாசலினும் நல்ல பரீட்சை மண்டபம் இல்லை. அங்கே செல்லும்போது கையிலே என்ன இருக்கின்றது என்பது பின்னர். 'உங்களுக்கு எது வேண்டும்?' என்ற கேள்வி நாவிலே இருக்கின்றதா என்பதே முன்னர்.